உங்களுக்குத் தெரியுமா? வீட்டு மேசையில் ஒரு சி.என்.சி.

◆ கணினி அனுப்பும் எண்களைக் கேட்டு, தானே நகர்ந்து மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கும் இயந்திரம்தான் சி.என்.சி. நிலைக்கதவில் மயிலும் மாவிலையும் செதுக்கித் தரும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் சின்ன வடிவத்தை ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே கட்டிவிடலாம். பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. ஸ்பேனர் பிடிக்கவும், வெர்னியரில் அளவு பார்க்கவும், பெருக்கல் வகுத்தல் போடவும் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

◆ இந்த இயந்திரத்தின் வேலையை ஒரு காலத்தில் மூன்று பேர் செய்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில், ஜான் பார்சன்ஸ் 1940-களில் ஹெலிகாப்டர் இறக்கைகள் தயாரித்து வந்தார். இறக்கையின் வளைவு பிசகினால் பறக்கவே முடியாது. அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டு அந்த வளைவின் புள்ளிகளை நெருக்க நெருக்கமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார். பட்டறையில் ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார்; ஒருவர் நீளவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்; இன்னொருவர் அகலவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். இதை இயந்திரமே செய்தால் என்ன என்று கேட்டார் பார்சன்ஸ். 1949-ல் அமெரிக்க விமானப்படை பணம் ஒதுக்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோமெக்கானிசம் ஆய்வகம் வேலையில் இறங்கியது. 1952-ல், துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளிலும் தானே நகரும் மில்லிங் இயந்திரம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

◆ துளையைப் படித்து வேலை செய்யும் இயந்திரம் நம்மூருக்குப் புதிதல்ல. பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய தறிக் கருவியும் துளை அட்டையில்தான் ஓடியது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின் தலைக்கு மேல் கோத்துத் தொங்கிய ஜக்கார்டு அட்டைகள் அதன் வாரிசுகள். துளை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லையென்றால் எழாது. கரையிலும் முந்தானையிலும் உள்ள பூ முழுவதும் அந்த அட்டைகளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

◆ 1959-ல் எம்.ஐ.டி. ஒரு பத்திரிகையாளர் கூட்டம் நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அலுமினிய சாம்பல் கிண்ணம் கொடுத்தது. டக்ளஸ் ராஸ் தலைமையில் உருவான ஏ.பி.டி. என்ற நிரல் மொழியில் எழுதி, இயந்திரமே வெட்டிய கிண்ணம் அது.

◆ அன்று எம்.ஐ.டி. ஆய்வகத்தின் கட்டுப்பாட்டு அலமாரிகள் செய்த வேலையை, இன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஆர்டுவினோ ஊனோ போர்டு செய்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட் 2009-ல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச நிரல் அதற்குள் உட்கார்ந்துகொண்டு மூன்று அச்சுகளையும் ஓட்டும். மோட்டார்களுக்கு நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை தடுமாறாமல் அனுப்பும். அடுத்து வரும் திருப்பங்களை முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் செய்யும். வீட்டு சி.என்.சி. சாமானியர் கைக்கு வந்ததில் இந்தச் சின்ன நிரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

◆ பலரும் இந்தப் போர்டையும் மோட்டாரையும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அவை கடைசியாக வாங்க வேண்டியவை. ஃபிரேம், ரயில், திருகுத் தண்டு ஆகிய மூன்றுக்கும்தான் முதல் பணமும் முதல் யோசனையும் போக வேண்டும். போர்டைப் பிறகு மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆடுகிற ஃபிரேமை மாற்றுவது என்றால் இயந்திரத்தையே புதிதாகக் கட்டுவதாகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. 8 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு ஒன்றை, 400 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகளிலும் தாங்கி வைத்து, நடுவில் 2 கிலோ எடையுள்ள ரௌட்டரை (வெட்டும் மோட்டாரை) தொங்கவிட்டால், தண்டு சுமார் 0.66 மி.மீ. கீழே வளையும். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். ஆனால் ஓரத்தில் வெட்டிய பள்ளத்துக்கும் நடுவில் வெட்டிய பள்ளத்துக்கும் ஆழத்தில் அவ்வளவு வித்தியாசம் வரும். அதே இடத்தில் 16 மி.மீ. தண்டைப் போட்டால் வளைவு 0.04 மி.மீ.தான். விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகிறது. தண்டை மாற்றாமல் இடைவெளியை மட்டும் பாதியாக்கினாலும் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் முதல் இயந்திரத்தைச் சிறிதாகக் கட்டச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். நாலடிக்கு நாலடி ஆசைப்பட்டு ஆரம்பித்தவர்கள் பாதியில் நிற்பதும், ஓரடிக்கு ஓரடி கட்டியவர்கள் அதை வைத்தே அடுத்த இயந்திரத்துக்கான பாகங்களை வெட்டிக்கொள்வதும் வழக்கம்.

கையில் காசு இருந்தால், வெறும் உருண்டைத் தண்டுக்குப் பதில் அடிமுழுக்கத் தாங்கல் உள்ள எஸ்.பி.ஆர். ரயிலோ, சதுர வெட்டு கொண்ட எச்.ஜி.ஆர். லீனியர் ரயிலோ வாங்குங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

◆ நெமா 17, நெமா 23 என்று ஸ்டெப்பர் மோட்டார் விற்கிறார்கள். அந்த எண் மோட்டாரின் பலத்தைச் சொல்வதில்லை. முகப்புத் தகட்டின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. 17 என்றால் 1.7 அங்குலம், சுமார் 42 மி.மீ.; 23 என்றால் 2.3 அங்குலம், சுமார் 57 மி.மீ. ஒரே நெமா 23-ல் குட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு. இழுவையில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். வாங்கும்போது டார்க் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று கேளுங்கள்.

◆ பெரும்பாலான ஸ்டெப்பர்கள் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். ஓர் அடிக்கு 1.8 டிகிரி. மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டில் ஜம்பரை மாற்றினால் ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பிரிக்கலாம். அப்போது ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்பு. இனி திருகுத் தண்டைப் பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் டி8 தண்டில் இரண்டு மரைகளுக்கு நடுவே 2 மி.மீ.தான் இருக்கும். ஆனால் அதில் நான்கு மரைகள் இணையாக ஓடுகிற வகையே அதிகம். அதனால் ஒரு சுற்றுக்கு நட்டு 8 மி.மீ. நகர்ந்துவிடும். 3,200-ஐ 8-ஆல் வகுத்தால் 400. ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு என்பதுதான் நிரலில் போட வேண்டிய எண். மரை இடைவெளியைப் பார்த்து 2-ஆல் வகுத்து 1,600 என்று போட்டுவிட்டால், 50 மி.மீ. போகச் சொன்ன இயந்திரம் 200 மி.மீ. ஓடி ஓரத்தில் போய் மோதும்.

தண்டில் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, நட்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்துவிடுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு.

◆ அடியைப் பதினாறாகப் பிரித்ததால் துல்லியமும் பதினாறு மடங்கு கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓட்டம் மென்மையாகும், சத்தம் குறையும். நடுப்புள்ளிகளில் மோட்டாரின் பிடி பலவீனமாகவே இருக்கும்.

◆ திருகுத் தண்டை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கினால், நட்டு உடனே நகராது. மரைக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் ஆட்டம் தீர்ந்த பிறகுதான் நகரும். இதுதான் பேக்லாஷ். லேத் பட்டறைக்காரர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. கைப்பிடியை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து சுற்றி அளவுக்குக் கொண்டுவந்து சமாளிப்பார்கள். தானே ஓடும் இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு போடுவது மலிவான வழி. நட்டுக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ போடுவது நல்ல வழி.

◆ துல்லியமான திருகு இல்லாமல் துல்லியமான இயந்திரம் இல்லை என்பது பழைய சேதி. லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த மரை வெட்டும் லேத்தான் ஒரே மாதிரியான திருகுகளை வேண்டிய அளவு வெட்டித் தந்தது. இன்றைய டி8 தண்டின் பாட்டன் அது.

◆ வெயிலும் அளவைக் கெடுக்கும். 1 மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும். எஃகு 0.12 மி.மீ. நீளும். மொட்டை மாடிக் கொட்டகையில் காலையில் பாதி, மத்தியானம் பாதி என்று ஒரே ஜாப்பை (வெட்டும் துண்டை) வெட்டினால் இரண்டும் பொருந்தாமல் போக இது ஒன்றே போதும்.

◆ கட்டி முடித்ததும் வெட்டும் பிட்டை மாட்டாதீர்கள். ஒரு பால்பாயிண்ட் பேனாவை மாட்டுங்கள். இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

பேனாவை, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் ரப்பர் பேண்டு போட்டு, தாளை லேசாக அழுத்தும்படி கட்டுங்கள். அடியில் வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டுங்கள். முதலில் 100 மி.மீ. நீளக் கோடு வரையச் சொல்லி வெர்னியரில் அளந்து பாருங்கள். 99.2 வந்தால், 400-ஐ 100-ஆல் பெருக்கி 99.2-ஆல் வகுங்கள். 403.2 வரும்; அதுதான் புதிய எண். இன்னும் நீளமான கோட்டில் அளந்தால் இன்னும் சரியாக வரும்.

அடுத்து 300-க்கு 400 மி.மீ. செவ்வகம் வரையச் சொல்லுங்கள். இயந்திரம் சின்னது என்றால் 150-க்கு 200. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். பெரிய செவ்வகத்தில் இரண்டும் 500 மி.மீ. வர வேண்டும். கொத்தனார் கடைக்கால் போடும்போது மூலைமட்டம் பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து கணக்குத்தான் இது. மூலைவிட்டங்களுக்குள் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால், 400 மி.மீ. ஓட்டத்தில் சுமார் 0.8 மி.மீ. சாய்வு இருக்கிறது என்று பொருள். கேன்ட்ரி எனப்படும் குறுக்குப் பாலத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டிச் சரிசெய்து, மறுபடி வரைந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வட்டம். இதில்தான் இயந்திரம் தன் குறைகளை எல்லாம் சொல்லிவிடும். வட்டம் நீளவாட்டிலோ அகலவாட்டிலோ நசுங்கியிருந்தால், அந்த அச்சின் துடிப்பு எண் தவறு. மூலைவாட்டில் நசுங்கியிருந்தால், அச்சுகள் செங்குத்தாக இல்லை. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் சின்னப் படிக்கட்டோ தட்டையோ தெரிந்தால் அது பேக்லாஷ், ஏனென்றால் அச்சு திசை திரும்புவது அந்த நான்கு இடங்களில்தான். வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேராமல் தள்ளி முடிந்தால், மோட்டார் வழியில் அடி தவறவிட்டிருக்கிறது. வேகத்தையும் முடுக்கத்தையும் குறைக்க வேண்டும். ஒரு தாள், ஒரு பேனா, நான்கு நோய்களுக்கும் பரிசோதனை முடிந்துவிட்டது.

◆ எந்தப் பக்கம் எக்ஸ், எந்தப் பக்கம் ஒய் என்ற குழப்பத்துக்கு வலது கையே விடை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், நடுவிரல் இசட். ஸ்பிண்டில் எந்த வாட்டத்தில் இருக்கிறதோ அதுதான் எப்போதும் இசட். ஜாப்பை விட்டு மேலே விலகும் திசை அதன் கூட்டல் பக்கம்.

◆ இயந்திரத்துக்குப் புரியும் ஜி-கோட் மொழியின் முதல் தரம் அமெரிக்காவில் 1960-களில் வகுக்கப்பட்டது. ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து போ. ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ஜி2 வலஞ்சுழி வளைவு, ஜி3 இடஞ்சுழி வளைவு. எம்3 ஸ்பிண்டிலைச் சுற்றவிடும், எம்5 நிறுத்தும். 'ஜி1 எக்ஸ்50 எஃப்600' என்றால், எக்ஸ் அச்சில் 50-வது மில்லிமீட்டருக்கு, நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் போ. இவ்வளவு தெரிந்தாலே மென்பொருள் உருவாக்கித் தரும் நிரலைத் திறந்து படித்துவிடலாம். வெட்டுவதற்கு முன் முதல் இருபது வரிகளையாவது படிப்பது நல்ல பழக்கம்.

◆ நிரலின் தலையில் ஜி21 இருந்தால் அளவு மில்லிமீட்டர். ஜி20 இருந்தால் அங்குலம். மாறிப்போனால் ஜாப் 25.4 மடங்கு பெருக்கும் அல்லது சிறுக்கும்.

◆ மெதுவாக வெட்டினால் பத்திரம் என்பது பாதிதான் உண்மை. பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது பொருளைக் கடித்தெடுக்க வேண்டும். இரண்டு பல் பிட், நிமிடத்துக்கு 10,000 சுற்று, பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால், போக வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. (மூன்றையும் பெருக்கினால் போதும்). பயந்துகொண்டு 200-ல் ஓட்டினால் பல்லுக்கு 0.01 மி.மீ.தான் கிடைக்கும். அப்போது பிட் வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும்; அக்ரிலிக் உருகும்; அலுமினியம் பிட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்; பிட்டும் மழுங்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் சுற்றையும் சேர்த்துக் குறையுங்கள். ஆழத்தைக் குறைத்தால் இன்னும் நல்லது. வெட்டும்போது விழுவது தூளா, சுருளா என்று பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் வேகம் சரி. மாவாக விழுந்தால் பிட் தேய்க்கிறது.

◆ சின்ன பிட்டுகளின் காம்பு ஏன் 3.175 மி.மீ. என்ற விநோத அளவில் இருக்கிறது? எட்டில் ஒரு பங்கு அங்குலம் அது. ஈ.ஆர்.11 காலெட் என்ற கவ்வி 7 மி.மீ. காம்பு வரை பிடிக்கும். காம்பை எவ்வளவு உள்ளே விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் பிட் எட்டு மடங்கு வளையும்.

◆ மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் வயரைப் பிடுங்கினால், அந்த நொடியே டிரைவர் போய்விடலாம். மோட்டாரின் சுருளில் தேங்கிய ஆற்றல் உயர் மின்னழுத்தமாகத் திரும்பி அடிப்பதுதான் காரணம். தளர்வான கனெக்டரும் இதே வேலையைச் செய்யும். எப்போதும் மெயினை அணைத்துவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும்.

◆ ஏ4988 என்ற சின்ன டிரைவர், ஹீட் சிங்க் இல்லாமல் சுமார் 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். நெமா 17-க்கு அது சரி. 3 ஆம்பியர் கேட்கும் நெமா 23-க்கு டி.பி.6600 அல்லது டி.எம்.542 போன்ற தனி டிரைவர் வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் சும்மா நிற்கும்போதும் சூடாகும். தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அதற்கு மின்சாரம் வேண்டும். தொட்டால் சுடுகிறதே என்று பதறத் தேவையில்லை.

◆ கரண்ட் போனால் என்ன ஆகும்? நம்மூரில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. சாதாரண ஸ்டெப்பருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. எத்தனை அடி வைத்தோம் என்று போர்டு எண்ணிக்கொண்டிருப்பதுதான் அதன் ஞாபகம். கரண்ட் போன கணத்தில் அந்த எண்ணிக்கை அழிந்துவிடும். ஆனால் மூன்று அச்சுகளின் ஓரத்திலும் ஹோமிங் சுவிட்ச் வைத்திருந்தால் பிழைத்தீர்கள். மின்சாரம் வந்ததும் இயந்திரம் ஓரத்துக்குப் போய்ச் சுவிட்சைத் தொட்டுத் தன் தொடக்கப் புள்ளியை மறுபடி கண்டுகொள்ளும். ஜாப்பின் தொடக்கப் புள்ளியை ஜி54-ல் பதிந்து வைத்திருந்தால், ஜி.ஆர்.பி.எல். அதை அழியாத நினைவகத்தில் வைத்திருக்கும். விட்ட வரியிலிருந்து தொடரலாம். மூன்று சுவிட்சுக்கு ஆகும் செலவு, பாழாகும் ஒரு தேக்குப் பலகையின் விலையைவிடக் குறைவு.

◆ சிவப்புக் குமிழ் உள்ள அவசர நிறுத்தப் பொத்தானை, சாதாரணமாக மூடியே இருக்கும் வகையில் இணைக்க வேண்டும். அதாவது, எப்போதும் மின்சாரம் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தினால் அறுபடும். எலி வயரைக் கடித்தாலும் இயந்திரம் நின்றுவிடும். மாற்றி இணைத்தால், அறுந்த வயரோடு இருக்கும் பொத்தானை ஆபத்து நேரத்தில் அழுத்திக்கொண்டிருப்போம். போர்டுக்குச் சேதி சொல்வதோடு இந்தப் பொத்தான் நிற்கக் கூடாது, ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் வெட்ட வேண்டும்.

◆ ஜாப்பை வைக்கும் அடிப்பலகையை எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொருத்தினாலும் மட்டமாக வராது. அதனால் அந்த இயந்திரத்தை வைத்தே பலகையின் மேல்பரப்பு முழுவதையும் ஒரு மெல்லிய சீவல் சீவிவிடுவார்கள். அதற்குப் பிறகு ரசமட்டம் என்ன சொன்னாலும் கவலையில்லை. பிட் ஓடும் தளத்துக்குப் பலகை இணையாகிவிட்டது, தேவை அதுதான்.

◆ மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. எம்.டி.எஃப். பலகையின் தூள் இன்னும் நுண்ணியது, பிசினும் கலந்தது. படுக்கையறை மூலையில் இயந்திரத்தை வைக்காதீர்கள். பிட்டுக்குப் பக்கத்திலேயே வாக்குவம் குழாய், மூக்குக்கு நல்ல மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், நான்கும் வேண்டும். கையுறை மட்டும் கூடாது. சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலிக்கும் இதே விதி.

◆ பெரிதாகச் செலவழிக்காமல் ருசி பார்க்க வழி உண்டு. பழைய கணினியின் டி.வி.டி. டிரைவுக்குள் லென்ஸை நகர்த்த ஒரு குட்டி ஸ்டெப்பரும் திருகுத் தண்டும் இருக்கின்றன. இரண்டு டிரைவைப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தால், தீப்பெட்டி அளவு தாளில் படம் வரையும் இயந்திரம் தயார். அதனால் எதையும் வெட்ட முடியாது. ஆனால் போர்டு, டிரைவர், நிரல், ஜி-கோட் என்ற நான்கையும் அது கற்றுக்கொடுத்துவிடும். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல விடுமுறை வேலையை நான் யோசித்ததில்லை.

◆ எதை வெட்டலாம்? பிளைவுட், எம்.டி.எஃப்., தேக்கு, அக்ரிலிக், சர்க்யூட் போர்டு எல்லாம் தாராளமாக. விறைப்பான ஃபிரேமாக இருந்தால் அலுமினியத்தையும் மெல்ல மெல்லச் சீவலாம். எஃகு வேண்டாம். அது டன் கணக்கில் வார்ப்பிரும்பு உள்ள பட்டறை இயந்திரங்களின் வேலை.

◆ எலெக்ட்ரானிக் சாமான்களுக்குச் சென்னையில் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இணையக் கடைகள் இருக்கின்றன. ஆனால் பால் ஸ்க்ரூவின் முனையை பேரிங்குக்கு ஏற்றபடி கடைவது, மோட்டார் பிடிக்கும் தகட்டில் துளையை நேராகப் போடுவது போன்ற வேலைகளுக்கு உங்கள் ஊர் லேத் பட்டறைதான் கதி. வரைபடத்தைத் தாளில் தெளிவாக அளவு போட்டு எடுத்துப் போங்கள். கோவை, ஓசூர், திருச்சி, அம்பத்தூர் என்று எங்கே போனாலும், நீங்கள் செய்யும் இயந்திரத்தில் எங்கே ஆட்டம் வரும் என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடும் கைகள் அங்கே இருக்கின்றன. கேட்டுக்கொள்ளுங்கள்.

◆ எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டு, ஏறக்குறைய எதையும் செய்துபார்க்கும் பாடவகுப்பை 1998-ல் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறைகள் இன்று உலகமெங்கும் உள்ளன. அமெரிக்காவுக்கு வெளியே மிக முதலில் தொடங்கியவற்றுள் ஒன்று, புனேவுக்கு அருகே பாபல் கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமத்தில் இருக்கிறது. ஆண்டு 2002.

◆ ஆர்டுவினோவை மிஞ்சி வளர்ந்த பிறகு போக ஓர் இடம் லினக்ஸ் சி.என்.சி. அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமான நிஸ்ட் 1990-களில் எழுதிய கட்டுப்பாட்டு நிரலிலிருந்து வளர்ந்தது இது. பழைய மேசைக் கணினி ஒன்று போதும். நிரலுக்குக் காசு இல்லை.

◆ ஜி.ஆர்.பி.எல்., லினக்ஸ் சி.என்.சி. இரண்டும் இலவசமாகக் கிடைப்பதற்கு, எழுதியவர்கள் தங்கள் நிரலைத் திறந்து வைத்ததுதான் காரணம். வீட்டில் சி.என்.சி. கட்டி ஓட்டிக்கொண்டிருக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இயந்திரத்தின் வரைபடம், எந்த ரயில், எந்த மோட்டார், மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு, எந்த மரத்துக்கு எந்த வேகம் என்ற விவரங்களைத் தமிழில் எழுதி வையுங்கள். பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, இயந்திரத்தை ஓட்டிக் காட்டுங்கள்.